மடிப்பு ஜோடி

அந்தத் தொலைபேசிப் பேச்சைச் சின்னவள் பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் தனக்குச் சறுக்கியது என்று கண்டுபிடிக்கத்தான்.

அக்கா எடுத்தவுடனே கத்தினாள். "என்ன குட்டி, சாப்டியா?"

"கத்தாதக்கா. ஃபோன்லதான் பேசுறோம், அக்கரையில நின்னு கூப்பிடல."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். உன் ஃபோன்தான் சரியில்ல."

"சரி, என் ஃபோன்தான். கேளு. எனக்கு மாத்தல் வந்துடுச்சு. மேனேஜரா போறேன். பேங்க்லயே வீடும் குடுக்குறாங்க, நல்ல பெரிய வீடு."

மறுமுனையில் அக்கா வேறு யாரிடமோ, "ஏய், என் தங்கச்சி மேனேஜர் ஆயிட்டாடி!" என்று கூவுவது கேட்டது. உடனே ஒரு கைதட்டல். தட்டியது யார் என்று சின்னவள் கேட்கவில்லை. அந்தக் கை யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி நாம எங்கயாவது போயிட்டு வரலாம். ஏரிக்கரையில ஒரு ஊர் பாத்து வெச்சிருக்கேன். நீ லீவு மட்டும் சொல்லு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், நேர்ல."

"இப்பவே கேளேன்."

"நேர்லன்னு சொன்னேன்ல."

"கல்யாண விஷயமா? யாரையாவது பாத்து வெச்சிருக்கியா?"

"ஐயோ, ஊரைத்தான் பாத்து வெச்சிருக்கேன்!"

"அப்ப சரி, வரேன்." அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். அவள் நிறுத்தினாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "கடுகும் வரட்டுமா? பாவம், அவ எங்கயும் போனதே இல்ல."

நீயும்தானே எங்கேயும் போனதில்லை என்று சின்னவள் சொல்லியிருக்கலாம். இல்லை, இந்தத் தடவை நாம் மட்டும் என்று பட்டென்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே தொண்டைவரை வந்தன. மென்று முழுங்கிவிட்டு, "வரட்டும்" என்றாள்.

"கோவமா சொல்றியா?"

"இல்ல."

"அப்ப சிரிச்சிட்டே சொல்லு."

"வரட்டும்க்கா," என்று சிரித்துத் தொலைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிகள் படுக்கும் விரிப்பு, போர்வை, டாக்டர்கள் அணியும் பச்சை அங்கி என்று எல்லாமே கீழ்த்தளத்துக்கு வண்டிவண்டியாக வந்து இறங்கும். அம்மா இறந்த வருஷம் அக்கா அங்கே சேர்ந்தாள். அப்போது சின்னவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நடந்த வயது. "அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு நின்னுடுவேன்" என்றுதான் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். சின்னவளுக்கு வழி பிறந்தது, பட்டம் வந்தது, பேங்க் வேலை வந்தது. அக்கா நிற்கவில்லை. இரண்டு மூன்று பெண்பார்க்கும் படலங்கள் வந்து போயின. ஒருவரிடம், "எனக்கு ஷிஃப்ட் வேலைங்க, நீங்க எந்த ஷிஃப்ட்ல வீட்ல இருப்பீங்க?" என்று கேட்டாளாம். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கீழ்த்தளத்தில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வாயால் பேசுவது வீண். அதனால் அங்கிருக்கும் பெண்கள் உதட்டாலும் விரலாலும் பேசிக்கொள்வார்கள். கன்னத்தில் விரலைத் தேய்த்தால் டீ. உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினால் விரிப்பு கிழிந்திருக்கிறது. மீசையை முறுக்கினால் மேற்பார்வையாளர் வருகிறார், முகத்தை வேலைக்காரி முகமாக மாற்றிக்கொள். வருஷக்கணக்கில் இப்படியே இருந்ததில் அக்காவின் காது கொஞ்சம் மங்கிவிட்டது, குரல் நிறையவே ஓங்கிவிட்டது. இரவில் வீடு அடங்கியதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பும். தூக்கம் பிடிக்காது. டாக்டரிடம் போகச் சொன்னால், "நாள் பூரா ஆஸ்பத்திரியிலதானே இருக்கேன்?" என்பாள்.

கடுகு அவளுடைய ஜோடி. சலவைக்கூடத்தில் ஜோடி என்றால் அது ஒரு பதவி. உலர்த்தும் இயந்திரம் ஓடி முடித்ததும் 'ணங்' என்று கனமாக ஒரு மணி அடிக்கும். அடித்த கையோடு விரிப்புகளை வெளியே இழுத்து, சூடு ஆறுவதற்குள் மடித்தாக வேண்டும். ஆறிவிட்டால் சுருக்கம் விழும், மறுபடி நனைத்து மறுபடி உலர்த்தி என்று ஒரு வேலை இரண்டு வேலையாகும். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. உதறுவார்கள், இழுப்பார்கள், நாலடி நடந்து எதிரும் புதிருமாக வந்து விரலோடு விரல் சேர்த்து முனையைக் கைமாற்றுவார்கள். அக்காவுக்கு எதிர்முனையில் நிற்பவள்தான் கடுகு. குள்ளம், கறுப்பு, எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிக்கிற வாய். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவில் மட்டும்தான் இருந்தது.

சின்னவளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வெளியே ஒரு குறையும் வைக்க மாட்டாள். "வாங்க, உக்காருங்க" என்பாள், தண்ணீர் கொடுப்பாள். ஆனால் கடுகை அக்கா என்று மட்டும் கூப்பிட மாட்டாள். அந்தச் சொல்லில் இன்னொருத்திக்கு இடம் ஒதுக்க அவளுக்கு மனசில்லை. கடுகு அதைக் கவனித்தாளோ என்னவோ, இவளை "மேனேஜரம்மா" என்று கூப்பிட்டுச் சிரிப்பாள்.

பயணம் புறப்பட்ட அன்றே வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. சின்னவள் முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த நீல ஸ்வெட்டர், பேருந்து நிலையத்தில் கடுகின் உடம்பில் வந்து நின்றது. கை நீளமாகத் தொங்க, இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள்.

"அக்கா, அது நான் வாங்கிக் குடுத்தது."

"ஆமா குட்டி, எவ்வளவு நல்லா உழைக்குது பாரு! அவளுக்குக் குளிரும்னு குடுத்தேன்."

உழைப்பதைப் பற்றியா பேச்சு? சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து அக்காவின் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அக்கா தன்னோடு இருக்கும்போது இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கப் போனாள், பயந்து நிறுத்திவிட்டாள். அக்காவின் காதுக்குப் போடும் சொட்டு மருந்து கடுகின் கைப்பையில் இருந்தது. அக்காவுக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் தூக்கம் வரும் என்பது கடுகுக்குத் தெரிந்திருந்தது. விடுதியில் கட்டிலைப் பார்த்தவுடனேயே, "நீ சுவரோரம் படு, உனக்கு அதான் சரி" என்றாள். அது சின்னவளுக்குப் புதுச் செய்தி. ஒரே பாயில் வளர்ந்தவளுக்கு அது புதுச் செய்தி!

ஆனாலும் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்த ஏரிக்கரை ஊரில் ஒலிச் சிகிச்சை என்று ஒன்று நடந்தது. உலோகக் கிண்ணங்களைத் தட்டி, அந்த அதிர்வில் உடம்பைத் தளர்த்துவார்களாம். தூக்கமில்லாதவர்களுக்கு நல்லது என்று எழுதியிருந்தது. அக்காவை அங்கே படுக்க வைத்து, அவள் காது கொஞ்சம் அமைதியாகி, மனசு இளகி எழுந்து வரும்போது, கரையோரமாக நடத்திக்கொண்டு போய்க் கேட்டுவிட வேண்டும். வேலையை விட்டுவிடு, என்னோடு வந்துவிடு. இத்தனை வருஷம் நீ என்னைப் பார்த்தாய், இனி நான் உன்னைப் பார்க்கிறேன். வாக்கியங்களை எல்லாம் தயாராக அடுக்கி வைத்திருந்தாள்.

இரண்டு பேருக்கு என்று சொல்லி வைத்திருந்ததை மூன்றாக்க வேண்டியிருந்தது. அது வேறு.

சிகிச்சைக்கூடம் மரத்தரை போட்ட நீண்ட அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அந்தப் பக்கம் ஏரி. தரையில் வரிசையாக மெத்தைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைப் போர்வை. கோடியில் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பெரிய வெண்கலத் தட்டு சட்டத்தில் தொங்கியது. சிகிச்சை தருபவர் ஒல்லியான மனிதர், கொண்டை போட்டிருந்தார், பஞ்சை வருடுகிற மாதிரி பேசினார். கடுகு உள்ளே நுழைந்தவுடன் போர்வையின் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"தையல் பிரிஞ்சிருக்கு. இஸ்திரியும் ஒப்புக்குப் போட்டிருக்காங்க."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி," என்றாள் அக்கா, தன் மெதுவான குரலில். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று மெத்தைகள் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தன. அக்கா ஓரத்தில் உட்கார்ந்தாள். கடுகு அடுத்ததில் உட்காரப் போனாள். சின்னவள் சட்டென்று முந்தி நடுவில் படுத்துக்கொண்டாள். கடுகு அவளைத் தாண்டி மூன்றாவதற்குப் போனாள். சின்னவளுக்கு ஒரு நிமிஷம் ஏதோ போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது. பேங்க் மேனேஜர், மெத்தைக்குப் போட்டி போட்டு ஜெயித்திருக்கிறாள்!

"கண்ணை மூடுங்க. இனிமே யாரும் பேச வேண்டாம்," என்றார் கொண்டைக்காரர்.

"என்ன சொல்றாரு?" என்று அக்காவின் உதடு கேட்டது.

கடுகு சின்னவளின் தலைக்கு மேலாக உதட்டை அசைத்துப் பதில் சொன்னாள். பேச வேண்டாம் என்று சொன்னதைப் பேசாமலே சொல்லி முடித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். பேசக் கூடாது என்பது மற்றவர்களுக்குத்தான் தடை. இவர்கள் இரண்டு பேரும் பேசாமல் பேசியே காலம் தள்ளியவர்கள். அறை முழுக்க மௌனம் கவிந்திருக்க, சின்னவளின் முகத்துக்கு மேலே விரல்கள் போவதும் வருவதுமாக இருந்தன. எட்டித் தடுக்க முடியாத உயரத்தில் ஒரு கச்சேரி.

கிண்ணங்கள் ஒலிக்கத் தொடங்கின. அவர் ஒவ்வொருவராக வந்து, வயிற்றின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, உறை போட்ட கோலால் மெல்லத் தட்டினார். அக்காவின் வயிற்றில் வைத்துவிட்டு அவர் நிமிர்ந்த அதே நேரத்தில், அந்தப் பக்கம் கடுகு மிகவும் பவ்வியமாக ஒரு மீசையை முறுக்கினாள்.

அக்கா பல்லைக் கடித்து அடக்கினாள். வயிறு அடங்கவில்லை. குலுங்கியது. கிண்ணம் யாரும் தட்டாமலே கிணுகிணுவென்று பாடத் தொடங்கியது. கொண்டைக்காரர் கண் கலங்காத குறைதான். "விடுங்கம்மா, விடுங்க. உள்ள அடைஞ்சு கிடந்ததெல்லாம் வெளிய போகுது," என்றார்.

அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாகப் பாடியது.

அடுத்து சின்னவளின் முறை. கிண்ணம் அவள் வயிற்றில் மேஜைமேல் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர் தட்டினார். ஒலி வந்து சீக்கிரமே அணைந்துவிட்டது. மறுபடி தட்டினார். தலையை ஆட்டிக்கொண்டு, "எதையோ கெட்டியாப் புடிச்சிட்டிருக்கீங்க," என்று காதோரம் சொன்னார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எதைப் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவைத்தான்.

அவர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஓய்ந்தன. அக்காவின் மூச்சு நீண்டது, பிறகு மெல்லிய குறட்டையானது. அந்தப் பக்கம் கடுகும் தூங்கிவிட்டாள். இரண்டு குறட்டைகளும் ஒன்று விட்டு ஒன்று முறை வைத்து வந்தன. நடுவில் சின்னவள் கண்ணை மூடவும் முடியாமல் திறக்கவும் மனமில்லாமல் கிடந்தாள். எப்படியோ அக்கா தூங்குகிறாள், தான் ஏற்பாடு செய்த இடத்தில், தன் பக்கத்தில் தூங்குகிறாள் என்று கொஞ்சம் ஆறுதல் தேடிக்கொண்டாள். எழுந்ததும் கேட்டுவிட வேண்டும்.

அப்போதுதான் அவர் அறைக் கோடிக்குப் போய்ப் பெரிய வெண்கலத் தட்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

ணங்!

அக்காவும் கடுகும் ஒரே கணத்தில் எழுந்து நின்றார்கள். கண் இன்னும் திறக்கவில்லை. நடுவில் கைக்கு எட்டிய போர்வை சின்னவள் போர்த்தியிருந்தது. அக்கா தலைமாட்டு முனைகளைப் பிடித்தாள், கடுகு கால்மாட்டு முனைகளைப் பிடித்தாள். ஒரே உருவலில் அது அவள் மேலிருந்து பறந்தது. உதறினார்கள். இழுத்தார்கள். இருவரும் அவளுடைய இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து நாலடி நடந்து, அவள் வயிற்றுக்கு நேர் மேலே சந்தித்து, விரலோடு விரல் சேர்த்து முனையை மாற்றிக்கொண்டார்கள். அப்படியே பின்னால் போனார்கள், மறுபடி வந்தார்கள். மல்லாந்து கிடந்தவளுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை விதானமும், அதன் கீழே முழங்கைவரை தெரிந்த இரண்டு ஜோடிக் கைகளும்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

சின்னவள் ஜன்மத்தில் அப்படி யாரோடும் எழுந்து நின்றதில்லை.

மடித்து முடித்து, அக்கா மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். ஏரி தெரிந்தது. கொண்டைக்காரர் வாய் பிளந்து நிற்பது தெரிந்தது. "ஐயையோ," என்றாள். அறை வெடித்துச் சிரித்தது. தூரத்து மெத்தையில் ஒரு கிழவர், "எங்களுதையும் மடிச்சுக் குடுங்கம்மா!" என்றார். கடுகு அந்த வேலையில் இறங்கியே விட்டாள்.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தாள். பின்னால் கடுகு ஓடி வந்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"தப்பா எடுத்துக்காத மேனேஜரம்மா. மணி அடிச்சா கை தானா போயிடுது. பழக்கம்."

"பழக்கம்தான் நல்லாத் தெரியுதே." அடக்கி வைத்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. "ரெண்டு நாள்கூட எங்க அக்காவை விட்டு உங்களால இருக்க முடியாதா? நான் கூப்பிட்டது அவளைத்தான். உங்களை இல்ல."

கடுகின் முகம் சுண்டிப்போனது. வெடிக்கிற வாய் அன்றைக்கு வெடிக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி, பழக்கதோஷத்தில் நேர்த்தியாக மடித்து, வாசலுக்கு வந்துவிட்ட அக்காவின் கையில் கொடுத்தாள். "வேக்குது. நான் கொஞ்சம் படகைப் பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கரையோரமாக நடந்தாள். குளிர்காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை. கரைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்னியே. கேளு."

"இப்பவா?"

"அவ வர்றதுக்குள்ள கேளு. மறுபடியும் சண்டை போடாம."

அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூடக் கையில் அகப்படவில்லை. "என்கூட வந்துடுக்கா," என்றாள். "வேலையை விட்டுடு. போதும். எனக்காக அந்தச் சூட்டுல எவ்வளவு வருஷம் நின்னுட்ட. இனிமே வந்து நிம்மதியா இரு."

"அங்க வந்து என்ன பண்ணுவேன்?"

"தூங்கு. டிவி பாரு. எனக்குத் துணையா இரு."

"நீ காலைல போனா ராத்திரிதான் வருவ. அதுவரைக்கும் நான் யாரு?"

"என் அக்கா."

"அது நான் எங்க இருந்தாலும்தான் குட்டி." அக்கா ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். அன்றைக்கு அவள் குரல் உண்மையாகவே மெதுவாக இருந்தது. "நான் வரல."

சின்னவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. கேட்டுவிடக் கூடாது என்று நினைத்ததையே கேட்டாள். "அவளுக்காகவா?"

"கொஞ்சம் அவளுக்காக. ஏன் பொய் சொல்லணும்? எதிர்முனையில அவ இல்லன்னா எனக்குக் கை ஓடாது. ஆனா நிறைய எனக்காகத்தான். உனக்காகத்தான் அங்க நிக்கிறேன்னு நீயே நெனச்சுக்கிட்டு ரொம்பக் கஷ்டப்படுற. உனக்காகத்தான் போனேன், இல்லங்கல. அது அப்பவே முடிஞ்சு போச்சு. காலைல கதவைத் தொறந்தா ஆவி மூஞ்சில வந்து அடிக்கும் பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு. நாலு வார்டுக்கும் வெள்ளை வெளேர்னு வண்டி ஏறிப் போறது புடிச்சிருக்கு. உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

இத்தனை நாள் அந்தக் கீழ்த்தளத்தைச் சின்னவள் ஒரு கடனாக மனசில் வைத்திருந்தாள். அக்காவின் வலியாவது தனக்கே சொந்தம் என்று எண்ணியிருந்தாள். அதுவும் இல்லை என்றாகிவிட்டது. கடுகின் மேல் பொறாமைப்பட்டதிலாவது ஒரு நியாயம் இருந்தது. இப்போது ஆவிமேல், வண்டிமேல், முகம் தெரியாத நோயாளிகள் படுக்கிற விரிப்பின் மேலெல்லாம் பொறாமையாக வந்தது.

தூரத்தில் படகுத்துறையில் கடுகு தெரிந்தாள். படகுகளைப் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள்.

"நீ என்ன கேக்கப் போறன்னு அவளுக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் அக்கா. "மாத்தல்னு நீ சொன்னப்பவே கண்டுபுடிச்சுட்டா. பஸ் ஏறினதுலேர்ந்து, போடி, போடி, தங்கச்சி கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லாதன்னு என் உயிரை வாங்குறா. கடைசியா ஒரு தடவை என்கூட ஊர் சுத்திக்கணும்னுதான் வந்தா."

சின்னவளுக்குப் பஸ்ஸில் பின்னாலிருந்து வந்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது எந்தப் பேச்சுக்குச் சிரித்த சிரிப்பு என்று இப்போது தெரியவில்லை.

அக்கா தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. தங்கையிடம் கேட்டதே இல்லை. ஒரு குடையைக்கூட, வாங்கி வா என்று சொன்னதில்லை. படிக்கட்டில் கொஞ்சம் நகர்ந்து, சின்னவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெந்நீரில் வெளுத்துச் சொரசொரத்த விரல்கள்.

"நான் போகலன்னு நான் சொன்னா அவ நம்ப மாட்டா குட்டி. அவளுக்காகத்தான் நின்னுட்டேன்னு அழுவா. தங்கச்சிகிட்டேர்ந்து என்னைப் பிரிச்சுட்டோமேன்னு வாழ்நாள் பூரா மனசுல வெச்சுக்குவா. என்கிட்ட முன்ன மாதிரி வாய்விட்டுச் சிரிக்க மாட்டா." அக்கா படகுத்துறையைப் பார்த்தாள். "அதனால நீ போயி சொல்லு. அக்காவுக்கு அங்க இருக்கத்தான் புடிச்சிருக்கு, நானும் சரின்னுட்டேன்னு உன் வாயால சொல்லு. உனக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே சொன்னாலும் பரவால்ல. நீ சொன்னாத்தான் அவ நம்புவா. எனக்காகப் போய்ச் சொல்லிட்டு வர்றியா?"